கேபினெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

பிள்ளைகள் கல்லூரியில் சேரும் ஜூன், ஜூலை மாதங்களில் பல வீடுகளில் ஒரே கேள்வி எழும். கம்ப்யூட்டரைக் கம்பெனிப் பெட்டியாகவே வாங்கிவிடலாமா, பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்துகொள்ளலாமா? யாரிடம் கேட்டாலும் பதில் பெரும்பாலும் விலையில்தான் போய் நிற்கிறது. அசெம்பிள் செய்தால் சில ஆயிரம் மிச்சம் என்பார் ஒருவர். கூடக் கொடுத்தாலும் பிராண்டட் என்றால் தலைவலி இல்லை என்பார் இன்னொருவர். இரண்டுமே கேள்வியின் ஓரத்தைத்தான் தொடுகின்றன. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. சில ஆண்டுகளில் தலைகீழாகவே மாறியிருக்கிறது. கணினி வீட்டில் இருக்கப்போகும் ஏழெட்டு ஆண்டும் நம்மோடு வருவது வேறு விஷயம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுத்தது யார்? ஒன்று பழுதானால், ஊரில் கிடைக்கும் வேறொன்றை அதே இடத்தில் பொருத்த முடியுமா? ஸ்க்ரூ டிரைவரை யார் பிடித்தார்கள் என்பது இரண்டாம்பட்சம். மேசைக் கணினியைப் பொறுத்தவரை, பாகங்களை வாங்குபவரே பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

கணினியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க முடிகிறது என்பதே, யாரும் திட்டமிடாமல் உலகத்துக்குக் கிடைத்த வசதி. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. பெரிய இயந்திரங்களின் பாகங்களைப் பெரும்பாலும் தானே செய்து பழகிய அந்த நிறுவனம், சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்ற அவசரத்தில் வெளியே கிடைத்த பாகங்களை எடுத்துக்கொண்டது. செயலி இன்டெல்லின் 8088. இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. கூடுதல் அட்டைகளைப் பிறர் செய்து விற்க வசதியாக, சுற்றுப்படங்களையும், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலையும் கையேட்டில் அச்சிட்டே கொடுத்தார்கள். பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்ததால் அதை அப்படியே நகலெடுக்க முடியாது. காம்பாக் நிறுவனம், அந்த நிரலைக் கண்ணால் பார்க்காத பொறியாளர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் வேறொரு பயாஸை எழுதவைத்தது. 1983இல் தன் கணினியை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஃபீனிக்ஸ் நிறுவனம், தான் எழுதிய பயாஸை வேண்டுகிற கம்பெனிகளுக்கெல்லாம் விற்க முன்வந்தது. அன்றோடு கணினி தனியொரு கம்பெனியின் சொத்தாக இருப்பது முடிந்தது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை, மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் எல்லாவற்றையும் வரையறுத்தது. முப்பது ஆண்டு கழிந்தும் அந்தத் துளைகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. எந்தக் கம்பெனி டியூபையும் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் மாட்டிக்கொள்ள முடிவதைப் போல, தைவானில் செய்த போர்டையும் கொரியாவில் செய்த நினைவகத்தையும் மதுரையில் ஒருவர் ஒன்றாகச் சேர்க்க முடிவது இந்தப் பொது அளவுகளால்தான்.

இந்த வசதி நம் ஊர்களுக்கு வந்துசேரக் கொஞ்சம் காலம் பிடித்தது. சிவ நாடாரும் நண்பர்களும் 1976இல் தொடங்கிய எச்சிஎல் போன்ற சில நிறுவனங்களின் கணினிகள் இந்திய அலுவலகங்களில் இருந்தன. சாதாரணக் குடும்பம் அவற்றை வாங்க நினைத்துப் பார்த்திருக்காது. 1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2005க்குள் கணினிப் பொருள்களின் சுங்க வரி படிப்படியாக நீங்கியது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், டெல்லி நேரு பிளேஸிலும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பாகங்கள் வந்து குவிந்தன. சிறு நகரங்களின் டிடிபி சென்டர்கள், பிரவுசிங் சென்டர்கள், போட்டோ ஸ்டுடியோக்கள் ஆகியவற்றில் ஓடியவை பெரும்பாலும் பெயரில்லாத அசெம்பிள்டு பெட்டிகளே. கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் கணினித் தமிழுக்கு மாறியதில் அந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்குண்டு. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரிலும் தமிழர்கள் வாங்கியது இதே பாகங்களைத்தான்.

ஆனால் இந்த வரலாற்றில் ஒரு கோளாறும் சேர்ந்தே வளர்ந்தது. நம் ஊரில் அசெம்பிள்டு என்றால் வாங்குபவர் தேர்ந்தெடுத்தது என்று பொருளில்லை. கடைக்காரர் தேர்ந்தெடுத்து, கடைக்காரரே மாட்டிக் கொடுத்தது என்றுதான் பொருள். எனவே நம் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் இல்லை, மூன்று: கம்பெனி தேர்ந்தெடுத்த பெட்டி, கடை தேர்ந்தெடுத்த பெட்டி, நாம் தேர்ந்தெடுத்த பெட்டி. அசெம்பிள்டு கணினியைப் பற்றிய பெரும்பாலான புகார்கள் இரண்டாவது வகையைப் பற்றியவை. பழி மட்டும் மூன்றாவதன் மேல் விழுகிறது. ஒரு சாதாரணக் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். செயலியின் பெயர் முழுதாக இருக்கும். ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்று இருக்கும். அடுத்து ஒரே வரியில் 'கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று இருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை வாட் என்று இருக்காது.

அந்த ஒரு வரியில்தான் கணினியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். இன்றைய செயலியும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் வழியாக. மேலே பெரிதாக 450 வாட் என்று அச்சிட்டிருக்கும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படித்தால், 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று இருக்கலாம். இரண்டையும் பெருக்கினால் 168 வாட்தான் வரும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மின்னழுத்தம் எல்லை மீறினாலும், எங்காவது ஷார்ட் ஆனாலும் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும் காப்புச் சுற்றுகள் இருக்கும். மலிவானதில் முதலில் கைவைக்கப்படுவது அவற்றில்தான். அது போகும்போது தனியாகப் போவதில்லை, போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து இருக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதும், மே மாத வெயிலில் அறையே கொதிப்பதும் நமக்குப் புதிதில்லை. அந்தச் சூழலில் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று அடி வாங்கும் பாகத்தைப் பெயர் தெரியாமல் வாங்குவது பெரிய பிழை. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் என்ற சான்று, 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் எஸ்எம்பிஎஸ் குறைந்தது 80 விழுக்காடு திறனோடு வேலை செய்கிறதா என்று சோதித்துத் தரப்படுவது. அது தரத்துக்கு முழு உத்தரவாதம் ஆகாது. ஆனால் அந்த முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கேட்டு வாங்குவது, அதே பணத்தை அடுத்த படிச் செயலிக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

கம்பெனிப் பெட்டியிலும் இதே மறைப்பு வேறு வடிவில் இருக்கிறது. விளம்பரத்தில் செயலியும் ஜிபி கணக்கும் பெரிய எழுத்தில் வரும். 16 ஜிபி நினைவகம் ஒரே துண்டாக இருக்கிறதா, 8 ஜிபி இரண்டாக இருக்கிறதா என்று வராது. இரண்டாக இருந்தால் செயலி இரு வழியாக நினைவகத்தை எட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படமும் விளையாட்டும் ஓடும் வேகத்தில் இது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. பெரிய நிறுவனங்களின் பல மேசைக் கணினிகளில் போர்டின் வடிவமும் மின் இணைப்பும் பொது ஏடிஎக்ஸ் அளவில் இருப்பதில்லை. பெட்டியைச் சிறியதாக்கவும் செலவைக் குறைக்கவும் அவர்கள் தங்கள் அளவுக்கே செய்துகொள்கிறார்கள். வாங்கும் அன்று இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஐந்தாம் ஆண்டில் எஸ்எம்பிஎஸ் போனால், கடைத்தெருவில் அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான எஸ்எம்பிஎஸ்களில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தாமல் போகலாம். அந்தக் கம்பெனி அந்த மாடலின் பாகத்தை அப்போதும் விற்றுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் மற்ற எல்லாப் பாகங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

பொது அளவில் உள்ள பாகங்கள் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் செயலி உட்காரும் இடம்) நல்ல சான்று. 2017இல் முதல் ரைசன் செயலியோடு ஒருவர் வாங்கிய போர்டில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. எல்லா வேளையும் இப்படி அமையாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்டெல் 2020இல் ஒரு சாக்கெட், 2021இல் இன்னொன்று, 2024இல் மற்றொன்று என்று மாற்றிக்கொண்டே போனது. டிடிஆர்4 நினைவகத்துக்கான இடத்தில் டிடிஆர்5 நுழையாது. அப்படி போர்டும் செயலியும் நினைவகமும் ஒன்றாக மாற வேண்டி வந்தாலும், கேபினெட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, மானிட்டர் எல்லாம் தொடர்ந்து பயன்படும். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது இந்த வேறுபாடு நேரடியாகத் தெரிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை போன்ற புதிய செயலியும் இல்லாத கணினிகள் ஒதுக்கப்பட்டன. பாகங்களாகச் சேர்த்தவர் மூன்று பாகங்களை மாற்றினால் போதும். திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒட்டிவைத்த ஆல்-இன்-ஒன் வாங்கியவர், நன்றாக இருக்கும் திரையையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். லினக்ஸுக்கு மாறுவது இருவருக்குமே திறந்திருக்கும் வழி. மின்கழிவு மேலாண்மைக்கு 2022இல் புதிய விதிகள் எழுதிய நாட்டில், கழிவே உண்டாகாமல் தடுக்கும் இந்த வழி இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டும்.

விலையைப் பற்றிய எதிர்வாதம் வலுவானது, அதை ஒப்புக்கொள்கிறேன். 2021ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தொற்றால் சில்லுத் தட்டுப்பாடு வந்தது. எதீரியம் நாணயத்தை ஈட்டுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். தனியாகக் கார்டு வாங்கப் போனவர்கள் பட்டியல் விலையைவிட மிக அதிகமாகக் கொடுக்க நேர்ந்தது. ஒப்பந்த விலையில் வாங்கிய பெரிய நிறுவனங்களின் முழுக் கணினிகள் அப்போது மலிவாகவே இருந்தன. 2025இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் ராம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிரிவையே மூடப்போவதாக அறிவித்தது. இத்தகைய காலங்களில் பாகங்களாக வாங்குபவர்தான் முதலில் அடிபடுகிறார். விண்டோஸ் உரிமத்தின் கணக்கும் அப்படியே. கம்பெனிப் பெட்டியில் அது விலைக்குள் அடங்கிவருகிறது. அசெம்பிள்டில் அதைத் தனியாக வாங்க வேண்டும், அல்லது லினக்ஸ் போட வேண்டும். கடையில் இலவசமாகப் போட்டுத்தரும் திருட்டு விண்டோஸைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு அசெம்பிள்டு மலிவு என்று சொல்வது நேர்மையான கணக்காகாது. என் வாதம் விலையின் மேல் நிற்காததால், இவை அதை அசைக்கவில்லை. பாகங்களாகச் சேர்த்த கணினியில், ராம் விலை ஏறியிருக்கும்போது 8 ஜிபியோடு தொடங்கி, இறங்கியபின் இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாம். காத்திருக்கும் உரிமையும் பணம்தான்.

அடுத்த எதிர்வாதம் வாரன்ட்டி. கம்பெனிப் பெட்டி கெட்டால் ஒரு போன் போதும், ஆள் வீட்டுக்கு வருவார். அசெம்பிள்டு கெட்டால் எந்தப் பாகம் கெட்டது என்று நாமே கண்டுபிடித்து, அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரைத் தேடிப் போக வேண்டும். உண்மை. ஆனால் தனித்தனியாக வாங்கும் செயலி, போர்டு ஆகியவற்றுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வாரன்ட்டி உண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். வீட்டுக்கான கம்பெனிப் பெட்டிகள் பல ஓராண்டோடு கைவிட்டுவிடுகின்றன. வாரன்ட்டி முடிந்தபின் இரண்டு பெட்டிகளும் ஒரே கடைக்குத்தான் வரும். அப்போது எளிதாகப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடியது எது என்பதுதான் கேள்வி. இருந்தாலும் ஐம்பது கணினி உள்ள அலுவலகம், மருத்துவமனை, வங்கிக் கிளை ஆகியவற்றில் ஒரு நாள் வேலை நின்றாலே ஏற்படும் இழப்பு, பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் நன்மையை விழுங்கிவிடும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் போல லட்சக்கணக்கில் வாங்கும்போதும் ஒரே வகை இயந்திரமும் ஒரே பொறுப்பாளரும் வேண்டும். அங்கெல்லாம் கம்பெனிப் பெட்டியே பொருத்தம்.

தானே மாட்டும்போது ஏதாவது உடைந்துவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. இதில் ஆபத்தான இடம் உண்மையில் ஒன்றுதான்: போர்டில் செயலி உட்காரும் சாக்கெட். அங்கோ, சில வகைகளில் செயலியின் அடியிலோ உள்ள முடியளவு ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் அந்தப் பாகம் போய்விடலாம். செயலியின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்து, நெம்புகோலை மூட வேண்டும். மற்றவை பெரும்பாலும் தலைகீழாக நுழையாதபடியே வடிவமைக்கப்பட்டவை. நினைவகத்தில் ஒரு பக்கமாகத் தள்ளி ஒரு வெட்டு இருக்கும். எம்.2 எஸ்எஸ்டியை ஒரு திருகு பிடித்துக்கொள்ளும். புதிதாகச் செய்பவர்கள் தவறவிடுபவை சின்னச் சின்ன விஷயங்கள். 24 ஊசி இணைப்பை மாட்டிவிட்டுச் செயலிக்கான 8 ஊசி இணைப்பை மறப்பார்கள். நான்கு இடமுள்ள போர்டில் இரண்டு நினைவகங்களை இரண்டாம், நான்காம் இடங்களில் போடாமல் அடுத்தடுத்துப் போடுவார்கள். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று பதறுவார்கள். இவற்றால் எதுவும் எரிந்துபோகாது. பத்தாம் வகுப்பு மாணவியோ மாணவனோ கையேட்டைப் படித்து ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. அப்போதும் தயக்கம் இருந்தால், பாகங்களைத் தானே தேர்ந்தெடுத்துக் கடையில் மாட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தேர்வு நம்முடையதாக இருக்கும்வரை அதுவும் மூன்றாவது வழிதான். பழுது வரும் நாளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவரிடம் யாரும் போர்டே போய்விட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இன்று யார் மேசைக் கணினி வாங்குகிறார்கள், எல்லாரும் லேப்டாப்தானே என்று கேட்கலாம். விடுதிக்கும் வகுப்புக்கும் தூக்கிப்போக வேண்டிய மாணவருக்கு லேப்டாப்தான் சரி. அதை யாரும் வீட்டில் அசெம்பிள் செய்ய முடியாது. மெல்லிய லேப்டாப்களில் நினைவகத்தைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் 2020 முதல் தன் சொந்தச் செயலிகளோடு நினைவகத்தை ஒரே பொதியில் சேர்த்தே தருகிறது. இதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணமும் உண்டு: குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் அந்த வகை நினைவகம் செயலிக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். ஆனாலும் வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல், உரிமையாளரே பிரித்துப் பாகங்களை மாற்றக்கூடிய லேப்டாப்களை விற்றுக் காட்டியிருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய காம்2 வகை நினைவகத்துக்கான பொது அளவுகளை, நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையவாசலைத் தொடங்கியது. அது கம்பெனிகள் தாங்களாக விவரம் தரும் இடம், கட்டாயப்படுத்தும் சட்டமாக இன்னும் வளரவில்லை. அதுவரை வாங்குபவர் கேட்கும் கேள்விதான் அழுத்தம். ராம் கழற்றக்கூடியதா, காலி இடம் உண்டா, எம்.2 இடம் எத்தனை, பேட்டரியைத் திருகு கழற்றி மாற்றலாமா என்று லேப்டாப் கடையிலும் கேட்க வேண்டும்.

மேசைக் கணினி வாங்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் எழுதிய கொட்டேஷனைக் கேட்டு வாங்குங்கள். கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரே வரியில் இருந்தால் இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் பாகங்களை அட்டைப்பெட்டியோடு பார்த்து, அவற்றின் சீரியல் எண்கள் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பில் இல்லாமல் வாரன்ட்டி கேட்க முடியாது. இதையெல்லாம் எழுதித்தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். அதே தெருவில் எழுதித்தரும் கடை இன்னொன்று இருக்கும்.